தகரத்தைக் கழற்றினவன்

எங்க அண்ணன் ஏசுராஜைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை மரக்காணம் உப்பளம் பார்த்திருக்காது. நான் அவனுடைய கூடப்பிறந்த தங்கச்சி ஆன்மேரி, இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. வேறு யாராவது சொன்னால் சும்மா விடமாட்டேன். நாயைக் கண்டால் பயம், ஊசியைக் கண்டால் பயம், பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காரப் பயம். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் என் அண்ணி லீமாதான் ஸ்டூல் மேல் ஏறுவாள். இவன் கீழே நின்று ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுவான்.

உப்பு வாரும் வேலைக்கு அவன் சரிப்படவில்லை. பாத்தியில் இறங்கினால் காலில் வெடிப்பு எரிகிறது என்று கரையிலேயே நிற்பான். தட்சணாமூர்த்தி மேஸ்திரி அவனைத் துரத்திவிடப் பார்த்தார். முதலாளி ராஜாங்கம்தான் வேறு யோசனை சொன்னார். எதைக் கண்டாலும் பயப்படுகிறவன், கொட்டாயைப் பார்த்துக்கொள்ளப் போடுங்கள், ஏதாவது சத்தம் வந்தால் முதலில் இவனுக்குத்தான் கேட்கும் என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கப்புறம் அந்தக் கிண்டல்தான் அவனுக்குச் சோறு போட்டது.

கொட்டாய் என்றால் ஓலைக் கொட்டாய் என்று நினைத்துவிட வேண்டாம். உப்பு அம்பாரத்தை மழைக்காலம் முழுக்க நனையாமல் வைத்து, அயோடின் கலந்து, மூட்டை போடுகிற பெரிய கட்டடம். தூண், சட்டம், கூரைத் தகரம் எல்லாமே ஜிஐ, அதாவது இரும்பின் மேல் துத்தநாக முலாம் பூசியது. அதை நிறுத்திக் கொடுத்த பாண்டிச்சேரி இஞ்சினியர் போகும்போது எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். இந்த முலாம்தான் இரும்புக்குத் தோல், தோல் போனால் உப்புக்காற்று உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உப்பு மூட்டையைத் தூணில் சாய்க்காதீர்கள், எங்கேயாவது சிவப்பு தெரிந்தால் உடனே தேய்த்துவிட்டுத் துத்தநாக பெயிண்ட் அடியுங்கள். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

அண்ணன் மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கழுவினான், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான், பெயிண்ட் டப்பாவும் கையுமாகத் திரிந்தான். ஸ்பேனரால் ஒவ்வொரு தூணையும் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டு அடுத்த தூணுக்குப் போவான். மூட்டை போடுகிற நாங்கள் அவனுக்கு டாக்டர் என்று பேர் வைத்தோம். கூரைமேல் ஏற வேண்டிய வேலை வந்தால் மட்டும் எங்களோடு மூட்டை தூக்குகிற அய்யனாரைக் கூப்பிடுவான். அய்யனார் மேலே போல்ட் முறுக்கும்போது இவன் கீழே கண்ணை மூடிக்கொண்டிருப்பான்.

அவன் தட்டிப் பார்க்காத இடம் ஒன்று இருந்தது. ஆயுத பூஜையோடு எங்களுக்கு உப்பு சீசன் முடியும். அன்றைக்கு ஒரு பெரிய வாளியில் சுண்ணாம்பு கரைப்போம். பாத்தியில் கடைசியாக வாரின உப்பில் ஆளுக்கு ஒரு கைப்பிடி எடுத்து அந்த வாளியில் போடுவோம். உப்பு போட்டால் சுண்ணாம்பு கையில் ஒட்டாமல் சுவரைப் பிடித்துக்கொள்ளும், அது ஊரெல்லாம் செய்வதுதான். எங்கள் கொட்டாயில் அது பூஜையாகவும் ஆகிவிட்டது. இந்த வருஷம் சோறு போட்ட உப்பு, மழைக்காலத்தில் கொட்டாயையும் காக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டுப் போடுவோம். மேஸ்திரி அதை எடுத்து ஒவ்வொரு தூணின் அடியிலும் முழங்கால் உயரத்துக்குப் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்பார். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம்தான், ஆனாலும் எங்கள் கைப்பிடியும் அந்த வாளிக்குள் போகும். கலக்குகிற கட்டை வருஷா வருஷம் அண்ணன் கையில்தான் இருக்கும்.

பூஜை போட்ட இடத்தை அவன் சுரண்ட மாட்டான். அது அவங்க சாமி விஷயம், நாம கை வைத்தால் வம்பு என்பான். அதிலும் பயம்தான். வருஷம் போகப் போக, பூச்சு மேல் பூச்சு ஏறி, தூணின் அடி வெள்ளை வெளேரென்று பருத்துக்கொண்டே வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. குப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக் கரைமேல் ஓடிவந்து கொட்டாய்க்குள் புகுந்தார்கள். மேடான இடம், தண்ணீர் கீழேயே நின்று திரும்பிவிட்டது. அன்றிலிருந்து ஜனங்களுக்கு அந்தக் கொட்டாய் கோயில் மாதிரி. தண்ணீர் திரும்பினபிறகு குப்பத்துப் பக்கம் போய்ப் பார்த்தவர்களில் அண்ணனும் ஒருத்தன். அங்கே பார்த்ததை அவன் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

அதற்குப்பிறகு அவன் பயம் தலைவிரித்து ஆடியது. கடலுக்கு எதிர்ப்பக்கம் ஓட வசதியாகச் செருப்பை மேற்குப் பக்கம் பார்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பான். டேங்கர் லாரி பள்ளத்தில் இறங்கி ஏறின சத்தத்தைக் கேட்டு, "தண்ணி வருது" என்று கத்தி எங்கள் தெருவையே ஓடவிட்டான். இன்னொரு தடவை தாழப் பறந்த ஹெலிகாப்டருக்கு ஓடினோம். மூன்றாவது தடவை எதற்கு ஓடினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. பாதி சேலையோடு ஓடிய எதிர்வீட்டு அருக்காணி திரும்பி வந்து, அவனை நடுத்தெருவில் நிற்கவைத்து வாங்கிய வாங்கு இருக்கிறதே, அதைக் கேட்டு ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கினதும் அவன் முகத்தைப் பார்த்தேன், அதில் நிம்மதி இருந்தது. எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

மறு கார்த்திகையில், 2005இல், விடாமல் மழை. பாத்தியும் வாய்க்காலும் ஒன்றாகி எங்கே பார்த்தாலும் தண்ணீர். ஒருநாள் காலையில் ரேடியோவில் புயல் வருகிறது என்றார்கள். மத்தியானத்துக்குள் குப்பத்திலிருந்தும் எங்கள் தெருவிலிருந்தும் ஜனங்கள் பாயும் சட்டியும் குழந்தையுமாகக் கொட்டாய்க்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். நானும் என் பிள்ளைகளோடு ஓர் ஓரமாக இடம் பிடித்தேன். லீமா அண்ணி மூட்டைகளுக்கு நடுவில் அடுப்பு மூட்டி எல்லோருக்கும் டீ போட்டாள்.

கடல் பக்கத்து வரிசையில் உள்ளே தண்ணீர் தேங்கியது. அதை வெளியே விட அண்ணன் மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். மண்வெட்டியின் பின்பக்கம் தவறித் தூணின் அடியில் பட்டது. சுண்ணாம்புப் பூச்சு முட்டை ஓடு மாதிரி விரிசல் விட்டு, உள்ளேயிருந்து காவி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. அவன் குனிந்து விரலை உள்ளே விட்டான். விரல் போய்க்கொண்டே இருந்தது.

பக்கத்துத் தூணைத் தட்டினான், அதுவும் அப்படியே. அந்த வரிசை முழுக்கப் போய்ப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் ஓடினான். மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, இத்தினி நாளா கடல் வருதுன்ன, இன்னைக்குக் கொட்டாய் போவுதா?" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் ஆள் ஆளாகப் போய்ச் சொன்னான். தூணைப் பாருங்கள், அடி இல்லை, காற்று ஏறினால் நிற்காது, ஊருக்குள்ளே இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று கெஞ்சினான். யார் கேட்பார்கள்? சுனாமியிலேயே காப்பாற்றின கொட்டாய் இது. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் தண்ணீர் தளும்புகிற கரைமேல் மழையில் நடக்க வேண்டும். தண்ணீருக்குப் பயந்து வந்தவர்களைத் தண்ணீருக்கு நடுவில் நடக்கச் சொன்னால் அடிக்கத்தான் வருவார்கள்.

கடைசியாக என்னிடம் வந்தான். எனக்கு எரிச்சல், மானத்தை வாங்காமல் ஒரு மூலையில் உட்காரேன் என்று கத்தினேன். அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த விரிசலுக்குள் வைத்தான். இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஏடு ஏடாக ஏதோ இருந்தது. அழுத்தினால் நொறுங்கிக் கையோடு வந்தது. அந்த நேரத்தில் வெளியே ஒரு காற்று அடித்து மேலே தகரம் படபடத்தது. தூண் அசைந்ததை நான் என் விரலில் உணர்ந்தேன். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

நானும் போய்ச் சொன்னேன். அண்ணனும் தங்கச்சியும் ஒரே ரகம் என்றார்கள். என் பெரிய மகளே எழுந்திருக்கவில்லை, சுற்றிலும் இத்தனை பேர் இருக்கும்போது என்ன பயம் என்றாள். லீமா அண்ணி என்னைப் பார்த்து, "நீயுமா மேரி?" என்று கேட்டாள். காற்று ஏறிக்கொண்டே இருந்தது. ஜனங்களின் பேச்சும் சிரிப்பும் குழந்தைகளின் அழுகையும் அந்தக் கூரைக்கு அடியில் ஒன்றாகக் கேட்டது இப்போதும் என் காதில் இருக்கிறது.

"இன்னா சொன்னா மேரி எழுந்திருப்பாங்க?" என்று அண்ணன் கேட்டான். அவன் உதடு கோணிக்கொண்டு போனது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "சொன்னா எழுந்திருக்க மாட்டாங்க. தலையில தண்ணி ஊத்துனாத்தான் எழுந்திருப்பாங்க" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஸ்பேனரையும் சுத்தியலையும் இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியை எடுத்தான். அய்யனார் கீழ்புத்துப்பட்டில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். அவன் இருந்திருந்தாலும் இந்த வேலைக்கு ஏறியிருக்க மாட்டான்.

காற்று ஒதுங்கின பக்கத்தில் ஏணியைச் சாய்த்து, ஒவ்வொரு படிக்கும் மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டு ஏறினான். பாதியில் நின்றுவிட்டான். கால் வெடவெடவென்று ஆடியது, ஏணியும் அதோடு ஆடியது. இறங்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன், இறங்கிவிட மாட்டானா என்றும் மனசு அடித்துக்கொண்டது. அவன் ஏறிவிட்டான். தகரத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, ஊர்ந்து உச்சிக்குப் போனான்.

மேலே போல்ட் எல்லாம் துருவேறிக் கிடந்திருக்கிறது. சுத்தியலால் தட்டத் தட்டத் தலை தெறித்தது. முதல் தகரத்தை நழுவவிட்டான், அது ஆளில்லாத பக்கத்தில் வந்து விழுந்தது. காற்றில் பறந்து யார் கழுத்தையாவது அறுத்துவிடுமே என்று நான் உப்பு மூட்டையை இழுத்து அதன் மேல் போட்டேன். இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாக விழுந்தன. உள்ளே மழை கொட்டியது. ஜனங்கள் மேலே கொட்டியது, அண்ணியின் அடுப்பில் கொட்டியது, மலை மாதிரி குவிந்திருந்த உப்பு அம்பாரத்தின் மேலும் கொட்டியது.

அப்போது எழுந்த கூச்சலைச் சொல்லி முடியாது. மழைக்காலத்தில் எங்களுக்கு இருக்கிற ஒரே வேலை அந்த அம்பாரத்தை மூட்டை போடுவதுதான். அது கண்ணெதிரே கரைந்து ஓடியது. மேஸ்திரி வெளியே ஓடிவந்து, கையில் கிடைத்ததை எல்லாம் மேலே எறிந்தார். அதிலும் ஆத்திரம் தீராமல் ஏணியைப் பிடுங்கிக் கீழே தள்ளிவிட்டார். "அங்கியே கெடந்து சாவுடா" என்றார்.

விழுந்துவிடும் என்று அவன் பயந்த கொட்டாயின் உச்சியில், இறங்க வழியில்லாமல் அவன் மட்டும் இருந்தான். நான் கீழே நின்று கதறினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அடுத்த போல்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

உட்கார ஓர் இடம் நனையாமல் இல்லை என்று ஆனதும் ஜனங்கள் மூட்டையைக் கட்டினார்கள். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, அவன் வம்சத்தையே திட்டிக்கொண்டு, கரைமேல் வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். என் பிள்ளைகளும் அவர்களோடு போனார்கள். மேஸ்திரி மட்டும் தார்ப்பாயை இழுத்து அம்பாரத்தை மூடப் பார்த்தார். அண்ணன் சரியாக அவர் தலைக்கு மேலே இருந்த தகரத்தைக் கழற்றினான். அவரும் போய்விட்டார்.

நானும் அண்ணியும் ஏணியைத் தூக்கி நிறுத்தினோம். கோபத்தில் அண்ணியின் தாடை இறுகியிருந்தது. அண்ணன் கூரை விளிம்பிலிருந்து தலையை நீட்டிக் கேட்டான்.

"உள்ள யாருன்னா இருக்காங்களா?"

"யாரும் இல்ல. எறங்குங்க" என்றாள் அண்ணி.

நாங்களும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அங்கே யாரும் அவனுக்கு உட்கார இடம் கொடுக்கவில்லை. கதவோரத்தில் ஈரத்தோடு குந்தியிருந்தான். ராத்திரி முழுக்க அடித்த காற்றில் மரங்கள் சாய்ந்தன, யார் யாருடைய வீட்டுக் கூரையோ போனது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் கொட்டாய் இருக்கும் திசையைப் பார்த்துக் காதைக் கொடுத்தான்.

விடிந்ததும் எல்லோரும் ஓடினோம். கொட்டாய் நின்றுகொண்டிருந்தது.

கூரையில் பாதித் தகரம் இல்லாமல், உள்ளே பாதி உப்பு இல்லாமல், ஆனால் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அது விழுந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார், ஓடிப்போன உப்பைப் பார்த்தார், போலீஸைக் கூப்பிடு என்றார். இத்தனைக்கும் அப்புறம் கொட்டாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அருக்காணி வந்து அண்ணனைக் கன்னத்தில் ஓர் அறை அறைந்தாள். அவன் கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை.

லீமா அண்ணியால் அதைத் தாங்க முடியவில்லை. அவளும் அவனை நம்பினவள் இல்லை. ஆனால் அந்த அறை அவளை என்னவோ செய்துவிட்டது. மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராகக் கடல் பக்கத்து வரிசைக்குப் போனாள். சந்தனமும் குங்குமமும் வைத்திருந்த தூணின் அடியில் ஓங்கி ஒரு குத்து குத்தினாள். கடப்பாரை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது.

அவள் கடப்பாரையை உருவிக்கொண்டு அடுத்த தூணுக்குப் போனாள். அதுவும் அப்படியே. மூன்றாவதைக் குத்தினபோது மேலே சட்டம் முனகி, கூரை ஒரு சாண் கீழே இறங்கியது. முதலாளி முதல் எல்லோரும் வெளியே ஓடினோம். ஓடி நின்று திரும்பிப் பார்த்தபோது, ஒவ்வொருத்தர் கண்ணும் நேற்று தான் பாய் விரித்த இடத்தைத் தேடியது. அருக்காணி தன் பிள்ளையை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

மழை விட்டபிறகு பாண்டிச்சேரி இஞ்சினியர் வந்து பார்த்தார். சுண்ணாம்பும் உப்பும் ஈரமும் சேர்ந்து முலாமைத் தின்றிருக்கிறது, பூச்சு மேல் பூச்சு இருந்ததால் வெளியே தெரியவில்லை என்றார். தகரம் முழுசாக இருந்திருந்தால் காற்று கொட்டாயை அப்படியே தூக்கிப் போட்டிருக்கும், தகரம் இல்லாததால்தான் காற்று உள்ளே புகுந்து வெளியே போய்விட்டது என்றார். யார் கழற்றினது என்று கேட்டார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் வருஷா வருஷம் அந்தச் சுண்ணாம்பைக் கலக்கின தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலாளி புகார் கொடுக்கவில்லை. புதுக் கொட்டாய் எழுந்தது, அதையும் அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். அருக்காணி ஒருநாள் மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். இந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

2006 முழுக்க யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவன் வானத்தை அண்ணாந்து பார்த்தால் தெருவே அண்ணாந்து பார்த்தது. கல்யாண மண்டபத்தில் ஒரு தடவை தூணைத் தட்டினான், பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். புது வீடு கட்டுகிறவர்கள் வந்து, உள்ளே போகலாமா ஏசுராஜ் என்று கேட்டார்கள். வீட்டில் அவன் தூங்குவதே இல்லை என்று அண்ணி அழுதாள். சுவரில் விரிசல், ஓட்டில் சத்தம், கிணற்றில் வாசனை என்று விடிய விடிய சுற்றிச் சுற்றி வருகிறான் என்றாள். உடம்பு பாதியாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் நான் போனபோது வாசலில் உட்கார்ந்து கடல் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேட்காமலே பேசினான்.

"மேரி, சின்ன வயசுலேர்ந்து எனக்கு ஆயிரம் பயம். எல்லாம் பொய்யாப் போவும். நீங்கள்லாம் சிரிப்பீங்க. சரி, ஒண்ணும் இல்லன்னு படுத்துத் தூங்கிடுவேன். இப்ப ஒண்ணு நெஜமாயிடுச்சு. அப்ப மத்ததெல்லாம்?"

உள்ளே அடுப்பில் ஏதோ டப் என்று வெடித்தது, இரண்டு பேரும் ஒன்றாகத் தூக்கிவாரிப்போட்டு எழுந்தோம். அண்ணி எட்டிப் பார்த்து, விறகுதான் என்றாள். அவன் திரும்பவும் உட்கார்ந்தான். என் புடவை முந்தானையைச் சின்னப் பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டான்.

"எனக்காக ஒரு தடவ சிரிச்சிட்டுப் போயேன் மேரி" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.